இரண்டாண்டுக் கல்லூரியும் பேஸ்போல் பயிற்றுவிப்பாளரும்: ஒரு தொழில்வாழ்வின் சமூகப் பின்னணி

கல்வி நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் பாடவிதானங்களையும் மாணவர் தொகையையும் பற்றி விரிவாகக் கூறுவர். அந்நிறுவனங்களிலே தொழில் புரிவோரின் வாழ்வு எவ்வாறு அமைகின்றது என்பதை ஆராய முற்படுவோர் சிலரே. எனினும், ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்வதற்கும் நடைமுறையில் அது செய்வதற்குமுள்ள இடைவெளியை அறிய விரும்புவோர், அதன் ஊழியர் எவ்வாறு நியமிக்கப்படுகின்றனர், எவ்வாறு உயர்கின்றனர், எப்போது விலகுகின்றனர் என்பவற்றை நோக்குதல் இன்றியமையாதது. ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளிலே பேஸ்போல் ஆட்டத்தைப் பயிற்றுவிப்போரின் தொழில்வாழ்வு இவ்வகை ஆய்வுக்குப் பெரிதும் ஏற்றதாகும்.

விளையாட்டு ஆய்வுக்குரிய பொருளாகுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ், கிரிக்கெட்டைக் குறித்து 1963 இல் வெளியிட்ட நூல் அவ்வையத்துக்குப் போதிய விடை தந்துவிட்டது. குடியேற்ற நாடுகளின் சமூக உறவுகளைக் கிரிக்கெட் புலப்படுத்தியது போன்று, அமெரிக்காவின் வர்க்க, இன உறவுகளையும் கல்வி வாய்ப்பின் எல்லைகளையும் பேஸ்போல் புலப்படுத்துகின்றது.

1. கல்லூரியின் தோற்றமும் அதன் முரண்பாடும்

இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் 1901 இல் ஆறு மாணவருடன் தொடங்கப்பெற்ற கல்லூரியே, இன்றுவரை நிலைத்திருக்கும் பொது இரண்டாண்டுக் கல்லூரிகளுள் மூத்ததாகும். அதன் உருவாக்கத்திலே சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவரான வில்லியம் ரெயினி ஹார்ப்பருக்கு முக்கிய பங்கு உண்டு. பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுகளை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், பல்கலைக்கழகம் உயர் ஆய்விலே கவனஞ் செலுத்தலாம் என்பது அவரது எண்ணமாகும். ஆகவே, இக்கல்லூரிகள் தோன்றிய காலத்திலேயே இருவேறு நோக்கங்கள் அவற்றிற் பிணைந்திருந்தன. எளிய மக்களுக்குக் கதவைத் திறத்தல் ஒன்று. அதே மக்களைப் பல்கலைக்கழகத்தின் வாயிலிலிருந்து சற்று அப்பால் நிறுத்துதல் மற்றொன்று.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இக்கல்லூரிகள் பெருகின. போர்வீரரின் கல்விக்கு உதவி வழங்கிய 1944 ஆம் ஆண்டுச் சட்டமும், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழுவின் 1947 ஆம் ஆண்டு அறிக்கையும் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றன. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியதும் அவ்வறிக்கைக்குப் பின்னரேயாகும். கலிபோர்ணியாவில் 1960 ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் இக்கல்லூரிகளை மூன்றடுக்கு அமைப்பின் அடித்தளமாக வரையறுத்தது.

சமூகவியலாளரான பேர்ட்டன் கிளார்க் அதே 1960 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வமைப்பின் உட்பொருளை எடுத்துக்காட்டிற்று. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, அவர்களுட் பலருடைய வேட்கையைச் சிறிது சிறிதாகத் தணித்து, தாழ்ந்த இலக்குகளை அவர்களாகவே ஏற்றுக்கொள்ளச் செய்கின்றது என்பது அவரது முடிபு. ஏமாற்றப்பட்டவனைச் சமாதானப்படுத்தும் உத்தி பற்றி 1952 இல் எழுதிய ஏர்விங் கொஃப்மனிடமிருந்து இக்கருத்தை அவர் பெற்றுக்கொண்டார். பிரின்ற், கரபெல் ஆகியோர் 1989 இல் வெளியிட்ட நூல் இவ்வாதத்தை வரலாற்று முறையில் மேலும் விரித்தது.

பேஸ்போல் பயிற்றுவிப்பாளர் இவ்விடத்திலேயே நமது கவனத்துக்கு வருகின்றார். வேட்கையைத் தணிக்கும் நிறுவனமொன்றினுள்ளே வேட்கையை வளர்ப்பதற்கென ஊதியம் பெறுபவர் அவர். நான்காண்டுப் பல்கலைக்கழகத்திற்கோ தொழில்முறை அணிக்கோ செல்லலாம் என்ற நம்பிக்கையினாலேயே இளைஞர் அவரிடம் வருகின்றனர். அந்நம்பிக்கை பலருக்கு நிறைவேறாது என்பதையும் அவர் அறிவார்.

2. அமைப்பும் போட்டியும்

நான்காண்டுப் பல்கலைக்கழகங்களின் தேசிய விளையாட்டுச் சங்கம் நடத்திய தடகளப் போட்டியிலே கலந்துகொள்ளக் கலிபோர்ணியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. அதன் விளைவாக 1937 இல் பிரெஸ்னோ நகரில் முளைவிட்ட முயற்சி, 1938 இல் தேசிய இளநிலைக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாக உருப்பெற்றது. இச்சங்கத்தின் பேஸ்போல் இறுதிச் சுற்று 1958 இல் ஒக்லஹோமாவின் மியாமி நகரில் முதன்முதலாக நடைபெற்றது. 1959 முதல் அது கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் என்னும் சிறுநகருக்கு உரியதாயிற்று. கலிபோர்ணியாக் கல்லூரிகளோ இன்று அச்சங்கத்தில் இல்லை. தமக்கெனத் தனிச் சங்கமொன்றை அமைத்துள்ளன.

இவ்வேறுபாடு பயிற்றுவிப்பாளரின் வேலையை நேரடியாகப் பாதிக்கின்றது. தேசியச் சங்கத்தின் முதலாம் பிரிவுக் கல்லூரிகள் பேஸ்போலுக்கு 24 புலமைப்பரிசில்கள் வரை வழங்கலாம். மூன்றாம் பிரிவில் அவை இல்லை. கலிபோர்ணியாவிலும் விளையாட்டுப் புலமைப்பரிசிலுக்கு இடமில்லை. ஆகவே ரெக்சாஸ் பயிற்றுவிப்பாளர் தொலைதூரத்து இளைஞரையும் பணங்காட்டி அழைக்க இயலும். கலிபோர்ணியாப் பயிற்றுவிப்பாளர் அயலிலுள்ள உயர்நிலைப் பாடசாலைகளின் பிள்ளைகளையே நாடுகின்றார். அவர்களுடைய பெற்றோரை வீடு தேடிச் சென்று பேசுதலும், பகலில் வேலை செய்து மாலையிற் படிக்கும் மாணவனுக்கு நேரம் ஒதுக்குதலும் அவரது கடமைகளாகின்றன.

பிற வேலைகளையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். பெரும் பல்கலைக்கழகங்களில் மைதானத்தைப் பேணவும் உபகரணங்களைப் பராமரிக்கவும் பாடநெறி ஆலோசனை கூறவும் தனித்தனி ஊழியர் இருப்பர். சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் இவையாவும் பயிற்றுவிப்பாளரின் தலையிலேயே விழுகின்றன. புல் வெட்டுதல், மழைக்குப் பின் களத்தின் மண்ணைச் சமப்படுத்தல், வான் ஓட்டுதல், நிதி திரட்டுதல், மாணவனின் புள்ளிகளைப் பார்த்தல், பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைத்து எழுதுதல் என அவரது நாள் விரிகின்றது. தேசியச் சங்கத்தின் பருவத்தில் 56 ஆட்டங்கள் வரையும், கலிபோர்ணியாவில் 40 ஆட்டங்கள் வரையும் அனுமதிக்கப்படுகின்றன. ஆட்டங்களின் எண்ணிக்கை அவ்வேலையின் ஒரு பகுதியை மாத்திரமே காட்டும்.

பயிற்றுவிப்பாளரின் வெற்றியை அளப்பதிலும் ஒரு விசித்திரம் உண்டு. வேறெந்தத் துறையிலும் திறமையான தொழிலாளரை விரைவில் இழப்பது நிர்வாகியின் குறையாகக் கொள்ளப்படும். இங்கோ, நல்ல ஆட்டக்காரன் ஓராண்டிலோ ஈராண்டிலோ வெளியேறுவதே நோக்கம். ஆண்டுதோறும் அணியின் பாதியை இழந்து, மறுபாதியைப் புதிதாக அமைப்பவருக்குத் தன் உழைப்பின் பயனைத் தன் மைதானத்திலே காணும் வாய்ப்புக் குறைவு.

3. தொழில்வாழ்வின் பாதைகள்

இத்தொழிலில் ஈடுபட்டோரின் வாழ்க்கையை ஒப்புநோக்குமிடத்து, நான்கு பாதைகளை வகுத்துக் காட்டலாம்.

முதலாவது, ஒரே கல்லூரியில் நிலைத்திருத்தல். மியாமி-டேட் கல்லூரியின் டெமி மைனியெரி 1961 முதல் முப்பது பருவங்கள் அங்கேயே பயிற்றுவித்தார். 1964 இல் தேசிய வெற்றியைப் பெற்ற அவர், இரண்டாண்டுக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளருள் 1,000 வெற்றிகளை எட்டிய முதல்வர். அவருடைய மகன் போல் மைனியெரியும் இத்தொழிலையே மேற்கொண்டு, 2009 இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியைத் தேசிய வெற்றிக்கு இட்டுச் சென்றார். தந்தை சமுதாயக் கல்லூரியிலும் மைந்தன் பெரும் பல்கலைக்கழகத்திலும் புகழ் பெற்றமை, ஒரு தலைமுறைக்குள் இத்தொழிலின் மதிப்பு எத்திசையில் நகர்ந்தது என்பதைச் சுட்டுகின்றது.

கலிபோர்ணியாவின் ஒரேஞ் கோஸ்ற் கல்லூரியில் 27 பருவங்கள் பணியாற்றிய ஜோன் அல்ரொபெல்லியும் இப்பாதையினரே. அவரது அணி 700க்கு மேற்பட்ட வெற்றிகளையும் நான்கு மாநில வெற்றிகளையும் (2009, 2014, 2015, 2019) ஈட்டியது. கோடையில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் கேப் கொட் பகுதிக்குச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழக மாணவர் போட்டித் தொடரில் 2012 முதல் 2014 வரை ஓர் அணியை நடத்தினார். பின்னர் பெரும்புகழ் பெற்ற ஆரன் ஜட்ஜ் அவ்வணியில் ஆடியவர். 2020 ஜனவரி 26 இல் கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிறையன்ற் உள்ளிட்டோர் உயிரிழந்த ஹெலிகொப்ரர் விபத்தில் அல்ரொபெல்லியும் அவர் மனைவியும் ஒரு மகளும் மாண்டனர். நாடு முழுவதும் அவர் பெயரை அவ்விபத்தின் வாயிலாகவே அறிந்தது. இருபத்தேழு பருவங்களின் உழைப்பு பெற்றுத் தராத கவனத்தை ஒரு பிரபலரின் மரணம் பெற்றுத் தந்தது என்பது, சமுதாயக் கல்லூரி ஆசிரியரின் சமூக நிலையை விளக்கப் போதுமானது.

இரண்டாவது பாதை, பல்கலைக்கழகத்துக்கு ஏறுதல். மைக் கிலெஸ்பி இதற்குச் சிறந்த உதாரணம். தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் 1961 ஆம் ஆண்டு வெற்றி அணியில் ஆடிய அவர், கொலேஜ் ஒஃப் த கன்யன்ஸ் என்னும் சமுதாயக் கல்லூரியில் 1971 இல் பேஸ்போல் அணியைத் தொடக்கி, 1986 வரை அதனை வளர்த்தார். மூன்று மாநில வெற்றிகளும் பெற்றார். 1987 இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே பயிற்றுவிப்பாளராகத் திரும்பி, 1998 இல் அதனைத் தேசிய வெற்றிக்கு உயர்த்தினார். பதினாறு பருவங்கள் கழிந்த பின்னரே அவருக்கு அக்கதவு திறந்தது.

வெயின் கிரஹாமின் வரலாறு இதனினும் நீண்டது. பல ஆண்டுகள் சிறு தொழில்முறை அணிகளில் ஆடிய அவர், 1963, 1964 ஆம் ஆண்டுகளிற் பெருந்தொடரில் சில ஆட்டங்களே ஆடினார். பின்னர் ஹூஸ்ரன் நகரின் உயர்நிலைப் பாடசாலைகளிற் கற்பித்தார். 1981 இல் சான் ஜசின்ரோ கல்லூரியிற் பொறுப்பேற்ற காலத்து அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். 1985, 1986, 1987, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் அக்கல்லூரி தேசிய வெற்றி பெற்றது; ரொஜர் கிளெமென்ஸ், அன்டி பெற்றிற் ஆகிய பந்து எறிவோர் அவர்தம் மாணவர். இவ்வளவு சாதித்த பின்னரே, ஐம்பத்தைந்தாம் வயதில் ரைஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1992 முதல் 2018 வரை அங்கு பணியாற்றிய அவர், 2003 இற் பெற்றுத் தந்ததே அப்பல்கலைக்கழகம் குழு விளையாட்டு எதிலும் ஈட்டிய முதல் தேசிய வெற்றி. 2024 இல் அவர் காலமானார்.

இவ்விருவரையும் வைத்து, திறமை இருப்பின் உயர்வு தானே வரும் எனக் கொள்வது பிழையாகும். ஒருவர் பதினாறு பருவங்களும், மற்றவர் ஐந்து தேசிய வெற்றிகளும் முதலீடு செய்யவேண்டியிருந்தது. இத்தகைய காத்திருப்புக்கு இடமளித்தவை நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய ஆசிரியப் பதவிகளே.

மூன்றாவது பாதை, தொழில்முறைப் பேஸ்போலுக்குள் நுழைதல். சக்கிரமென்ரோ சிற்றிக் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றிய ஜெரி வைன்ஸ்ரீன், பின்னர் தொழில்முறை அமைப்புகளிற் பயிற்றுவிப்பாளராகி, 2017 ஆம் ஆண்டு உலகப் போட்டியில் இஸ்ரேல் அணியின் முகாமையாளராக விளங்கினார். இப்பாதையிற் செல்வோர் மிகச் சிலர்.

நான்காவது பாதையே பலருக்கு வாய்ப்பது. பெயர் கூறி வரலாறு எழுதப்படாததும் அதுவே. பகுதிநேரப் பயிற்றுவிப்பாளரும் உதவியாளரும் சிறு கொடுப்பனவைப் பெற்று, வேறு வேலையால் வாழ்ந்து, சில பருவங்களின் பின் விலகுகின்றனர். கோடைகாலச் சிறுவர் முகாம்கள் அவர்களது வருமானத்துக்குத் துணையாகின்றன. 1945 இல் நிறுவப்பெற்ற அமெரிக்கப் பேஸ்போல் பயிற்றுவிப்பாளர் சங்கத்தின் வருடாந்த மாநாடு, கருத்துப் பரிமாற்றத்துக்கான இடமாக மட்டுமன்றி, வேலை தேடுவோர் கூடும் சந்தையாகவும் விளங்குகின்றது.

மேலே ஏறுவோருக்கும் படிகள் குறுகியவையாகவே இருந்தன. 2023 வரை பல்கலைக்கழகங்களின் முதலாம் பிரிவு அணியொன்றில், தலைமைப் பயிற்றுவிப்பாளரைத் தவிர ஊதியம் பெறும் உதவியாளர் இருவரே இருக்கலாம்; மூன்றாமவர் ‘தொண்டர்’ என்ற பெயரில் அணியிடமிருந்து சம்பளமின்றி உழைத்தார். சம்பளமின்றி வாழக்கூடிய குடும்பப் பின்னணி உடையோருக்கே இத்தகைய படி பயன்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 2023 ஜூலையில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

4. நிற வேறுபாடும் பால் வேறுபாடும்

ஜக்கி ரொபின்சன் 1937 முதல் 1939 வரை பசடீனா இளநிலைக் கல்லூரியிற் பயின்று, பின் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கறுப்பினத்தவருக்கு மூடப்பட்டிருந்த பெருந்தொடரின் கதவை அவர் 1947 இற் கடந்தமை யாவரும் அறிந்ததே. ஆயின் ஆட்டக்காரருக்குத் திறந்த கதவு பயிற்றுவிப்பாளருக்கு உடனே திறக்கவில்லை. பெருந்தொடரின் முதற் கறுப்பினப் பயிற்றுவிப்பாளராக பக் ஓ’நீல் நியமனம் பெற்றது 1962 இல். முதற் கறுப்பின முகாமையாளராக பிராங் ரொபின்சன் பொறுப்பேற்றது 1975 இல். உடலுழைப்புக்கு அனுமதி முன்னரும், அதிகாரத்துக்கு அனுமதி பின்னரும் கிடைப்பது ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றிற் பொதுவான நிகழ்ச்சியாகும். மேலே கூறிய பெண்பால் பற்றிய வினாவும் இத்தகையதே: கல்வியிற் பால் வேறுபாட்டைத் தடைசெய்த 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பெண்களின் சொஃப்ற்போல் அணிகள் பெருகின, பேஸ்போல் பயிற்றுவிப்போ இன்றும் ஏறத்தாழ முற்றாக ஆண்களின் தொழிலாகவே உள்ளது.

5. தொழிற் பாதுகாப்பின் தேய்வு

கலிபோர்ணியாவிலே சமுதாயக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் பலர் உடற்கல்வித் துறையின் முழுநேர ஆசிரியராக இருந்தனர். காலையில் வகுப்பு, மாலையில் மைதானம் என்பது அவர்களது ஒழுங்கு. தோல்வியுற்ற பருவமொன்றினால் அவர்களின் ஆசிரியப் பதவி பறிபோவதில்லை. கல்லூரிப் பயிற்றுவிப்பாளரைப் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளரிலிருந்து வேறுபடுத்திய பேறு இதுவேயாகும்.

இந்நிலையை அசைத்தது பொருளாதாரமே. 1978 இல் அம்மாநில மக்கள் வாக்கெடுப்பால் நிறைவேறிய பதின்மூன்றாம் பிரேரணை ஆதனவரியைப் பெறுமதியின் 1 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திற்று. உள்ளூர் வரியை நம்பியிருந்த கல்லூரிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்கலாயின. அதுவரை கட்டணமின்றி இயங்கிய கல்லூரிகளில் 1984 இற் கட்டணம் புகுந்தது. சம்பளச் செலவைக் குறைக்கப் பகுதிநேர ஆசிரியரை நியமிக்கும் வழக்கம் வேரூன்றியது. பகுதிநேர ஆசிரியர் முழுநேரப் பளுவின் 60 சதவீதத்துக்கு மேல் கற்பிக்கலாகாது என்ற வரம்பு 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 67 சதவீதமாயிற்று. பாதவகுப்புகளுள் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியரே நடத்தவேண்டும் என 1988 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இலக்கு வகுத்தபோதிலும், பகுதிநேர நியமனங்கள் நிலைத்துவிட்டன.

ஓய்வுபெறும் முழுநேரப் பயிற்றுவிப்பாளரின் இடத்துக்குப் பகுதிநேரத்தவர் ஒருவர் வரும்போது மைதானத்திலே மாற்றம் உடனே தெரியாது. பயிற்சி நடைபெறும், ஆட்டங்களும் நடைபெறும். மறைவது வேறொன்று. காலை பத்து மணிக்குக் கல்லூரியில் இருந்து, கணிதத்திற் பின்தங்கிய மாணவனை அழைத்துப் பேசவும், எப்பாடத்தை எடுத்தால் எப்பல்கலைக்கழகம் ஏற்கும் என்று கூறவும் ஆள் இல்லாது போகின்றது. மேற்படிப்பறியாத குடும்பத்திலிருந்து வரும் மாணவனுக்கு அவ்வறிவுரையைத் தரக்கூடியவர் வீட்டிலும் இல்லை.

6. தொழில்முறைச் சந்தையின் தாக்கம்

தொழில்முறை அணிகள் இளைஞரைத் தெரிவு செய்யும் முறை 1965 இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவன் மூன்றாண்டு முடியும்வரையோ 21 வயதுவரையோ பொதுவாகத் தெரிவுக்கு உரியவனல்லன். இரண்டாண்டுக் கல்லூரி மாணவனுக்கு அத்தடை இல்லை. மேலும், தெரிவு செய்த இளைஞனை ஏறத்தாழ ஓராண்டு கல்லூரியில் விட்டுப் பார்த்து, அதன்பின் ஒப்பந்தம் செய்யும் உரிமை 2007 வரை அணிகளுக்கு இருந்தது. 1990 இல் 22ஆம் சுற்றில் நியூயோர்க் யாங்கீஸ் தெரிவு செய்த அன்டி பெற்றிற், சான் ஜசின்ரோவில் ஓராண்டு ஆடி, 1991 இல் ஒப்பமிட்டமை இதற்கு எடுத்துக்காட்டு. ஆட்டக்காரனை முதிர்விக்கும் செலவைப் பொதுக் கல்லூரி ஏற்க, இலாபத்தைத் தனியார் அணி பெற்றது என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

1999 இல் 13ஆம் சுற்றில் தெரிவாகிய அல்பேர்ட் புஹோல்ஸ், கன்சாஸ் சிற்றியின் மேப்பிள் வூட்ஸ் சமுதாயக் கல்லூரியிலிருந்தும், 2010 இல் முதலாமவராகத் தெரிவாகிய பிறைஸ் ஹாப்பர், தென் நெவாடாக் கல்லூரியிலிருந்தும் சென்றவர்கள். ஹாப்பரின் பயிற்றுவிப்பாளரான ரிம் சேம்பர்ஸ், 2003 இல் அக்கல்லூரிக்குத் தேசிய வெற்றி பெற்றுத் தந்தவர். 2010 இன் பின்னரே லாஸ் வேகாஸிலுள்ள நெவாடாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். புகழ்பெற்ற மாணவன் ஒருவனின் நிழலிலே பயிற்றுவிப்பாளரின் வாய்ப்பும் அமைவது இத்தொழிலின் இயல்பு.

அண்மைக்கால மாற்றங்கள் இவ்வுறவை மேலும் சிக்கலாக்கியுள்ளன. 40 சுற்றுக்களாக இருந்த தெரிவு 2020 இல் 5 ஆகவும், 2021 முதல் 20 ஆகவும் குறைக்கப்பட்டது. 2021 இல் பெருந்தொடர் அணிகளோடு இணைந்த சிறு அணிகள் 160 இலிருந்து 120 ஆயின. 2018 இல் ஏற்பட்ட பதிவு முறையும் 2021 இன் விதித்தளர்வும் பல்கலைக்கழக மாணவர் அணி மாறுவதை எளிதாக்கின. பல்கலைக்கழகங்கள் பயிற்சி முதிர்ந்தோரையே விரும்புவதால், பாடசாலை முடித்த இளைஞர் பலர் சமுதாயக் கல்லூரியை நாடுகின்றனர். இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய காலத்தைக் கணக்கிலெடுத்தல் பற்றி அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் டியேகோ பவியா தொடுத்த வழக்கில், 2024 டிசம்பரில் அவருக்குச் சார்பான இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. தொடர்ந்து 2025-26 ஆம் ஆண்டுக்கு அவரையொத்த நிலையினருக்கும் விதிவிலக்கு வழங்கப்பட்டது. சமுதாயக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளரின் தேவை இவற்றால் உயர்ந்தது. அவரது சம்பளமும் பதவிப் பாதுகாப்பும் அதற்கேற்ப உயருமென எதிர்பார்க்க நியாயமான காரணம் எதுவும் இல்லை. சந்தையின் இலாபம் ஈட்டப்படுவது அவரது கல்லூரிக்கு அப்பாலேயாகும்.

7. முடிவுரை

கிளார்க்கின் கருத்தை மீண்டும் இவ்விடத்து நோக்கலாம். திறந்த கதவுக் கல்லூரி மாணவரின் வேட்கையைத் தணிக்கின்றது என்ற அவரது கூற்று பெரிதும் உண்மையே. ஆயினும், மாணவனின் வேட்கையைக் கருவியாகக் கொண்டு அவனை வகுப்பறைக்குள் இருத்தி, படிப்பைத் தொடரச் செய்யும் ஆசிரியர்களும் அக்கல்லூரிகளில் இருந்தனர், இருக்கின்றனர். தொழில்முறை ஆட்டக்காரனாக முடியாத பெரும்பான்மையோருக்கு அவர்கள் தந்தது மாற்றுச் சான்றிதழும் பட்டப்படிப்புக்கான வழியுமாகும். வெற்றிப் பட்டியலில் இடம்பெறாத இப்பணியே அத்தொழிலின் சமூகப் பயன்.

அப்பணி தனிமனித நற்குணத்தால் மட்டும் நிகழ்வதன்று. மைனியெரியின் முப்பது பருவங்களும், அல்ரொபெல்லியின் இருபத்தேழு பருவங்களும் நிலையான வேலையின்மேல் எழுந்தவை. அந்நிலைத்தன்மை நீங்குமிடத்துப் பயிற்றுவிப்பாளர் ஆட்டக்காரரைச் சந்தைக்கு அனுப்பும் தரகராக மாறும் அபாயம் உண்டு. ஆகவே, சமுதாயக் கல்லூரிப் பயிற்றுவிப்பாளரை ஆசிரியராகக் கொள்வதா, பருவக் கூலியாளராகக் கொள்வதா என்னும் வினா, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பொதுக்கல்வி எதனைத் தரக் கடமைப்பட்டுள்ளது என்னும் வினாவின் ஒரு பகுதியேயாகும். கல்லூரிகளின் வரவு செலவுத் திட்டத்தில் அவ்வினாவுக்கு ஆண்டுதோறும் விடை எழுதப்பட்டு வருகின்றது.